எண்ணெய்க் கப்பலைத் தொடக் கூடாது

என் வீட்டுக்காரர் இதுவரை நான்கு போர் நடத்தியிருக்கிறார். நான்கும் பசிபிக் கடலில்தான். முதல் போர் எங்கள் மகள் ஏழாவது படிக்கும்போது தொடங்கி, அவள் காலேஜில் சேர்ந்த வருடம் முடிந்தது. இரண்டாவது, அவள் படிப்பை முடித்து வேலைக்குப் போய், வேறு ஊரில் வீடு பார்த்துக் குடியேறும்வரை இழுத்தது. நான் சொல்ல வந்தது மூன்றாவது போரைப் பற்றி. அதைக் கெடுத்தவள் நான். அடுத்தவர் வாயால் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

போர் என்றதும் பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் விளையாட்டுதான். படுக்கையறை மூலையில் ஒரு மேஜை, அதன்மேல் நகர்த்தினால் செத்துவிடும் என்கிற நிலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். திரை முழுக்க நீலக் கடல். அதில் அறுகோணக் கட்டங்கள், அங்கங்கே கை தவறிக் கொட்டின மாதிரித் தீவுகள். இவர் அமெரிக்கப் பக்கம், கம்ப்யூட்டர் ஜப்பான் பக்கம். எந்தக் கப்பல் எங்கே போக வேண்டும், எது எண்ணெய் நிரப்ப வேண்டும் என்று வரிசையாக உத்தரவு போட்டுவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் போரில் ஒரு நாள் நகரும். மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் நாள். படபடவென்று சுடுவதெல்லாம் கிடையாது. இதைப் போய் விளையாட்டு என்கிறார்களே என்று எனக்கு ரொம்ப நாள் ஆச்சரியம்.

ஆளைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் பெரிய கிரேன் ஓட்டுகிறவர். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. தரையும் கண்ணாடிதான். அதில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே குனிந்து பார்த்து, லாரி அளவு பெட்டியைத் தூக்கிக் கப்பலில் அதன் இடத்தில் விரல் இடைவெளி பிசகாமல் வைப்பார். முப்பத்தொரு வருடமாகக் கீழே பார்த்தே பிழைத்த மனிதர். வீட்டிலோ, கண்ணெதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தேடி என்னைக் கூப்பிடுவார்.

கம்ப்யூட்டருக்கு அவர் வைத்திருந்த பெயர் சம்பந்தி. எங்களுக்கு நிஜச் சம்பந்தி இன்னும் வாய்க்கவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் மகளுடைய போனில் உடனே சிக்னல் போய்விடும். ஆனாலும் ஒரு சம்பந்தி எப்படி இருப்பார் என்பது எல்லாருக்கும் தெரியுமே. சொன்ன சொல்லை மாற்ற மாட்டார், அது தப்பு என்று ஊருக்கே தெரிந்தாலும். கூப்பிடாத இடத்துக்கு வருவார், கூப்பிட்ட இடத்துக்கு வர மாட்டார். விளையாட்டில் கம்ப்யூட்டரும் அப்படித்தானாம். மிட்வே என்று ஒரு பொட்டுத் தீவு. அதைப் பிடித்தே தீருவது என்று அதன் மண்டையில் எழுதியிருக்கிறது. நாலு கப்பல் அனுப்பும், நாலும் மூழ்கும். மறுவாரம் அதே வழியில் இன்னும் நாலு வரும். "பாரு, சம்பந்தி கிளம்பிட்டார்," என்று இவர் தொடையைத் தட்டுவார். விமானங்களைச் சுமந்து வரும் பெரிய கப்பலை முன்னால் அனுப்பிவிட்டு, அதற்குக் காவல் போக வேண்டியவற்றை இரண்டு நாள் கழித்து அனுப்பும். கஷ்டப்பட்டு ஒரு தீவைப் பிடிக்கும், பிடித்ததும் அதில் ஒரு ஆளைக்கூட வைக்காமல் போய்விடும். எத்தனை கப்பல் போனாலும் வருத்தப்படாது. மூன்று வினாடியில் அடுத்த நாளுக்குத் தயாராகிவிடும்.

இப்படி ஒரு எதிரியை ஜெயிக்க எதற்கு ஆறு வருடம் ஏழு வருடம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இவர் சம்பந்திக்காக விட்டுக்கொடுத்து ஆடுவார், அதுதான் காரணம். திரையின் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் தன் கையாலேயே மூன்று விதி எழுதி வைத்திருந்தார். ஒன்று, எண்ணெய்க் கப்பலைத் தொடக் கூடாது. இரண்டு, சம்பந்தி காலியாக விட்ட தீவில் மூன்று நாள் கழித்துத்தான் இறங்க வேண்டும். மூன்று, நடந்தது நடந்ததுதான், பழைய நாளுக்குத் திரும்பிப் போய் ஆடக் கூடாது. இதில் மூன்றாவதை நம்பிக்கையின் பேரில் விட்டுவைக்காமல், தினமும் கம்ப்யூட்டர் சேமித்துவைத்த பழைய நாளை அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். என்னிடம் இந்த விட்டுக்கொடுக்கும் குணத்தில் கால்வாசியாவது காட்டியிருக்கலாம்.

மூன்றாவது போரின் மூன்றாம் வருடத்தில், ஒரு திங்கட்கிழமை, கூண்டில் உட்கார்ந்திருந்தவருக்கு வலது ஓரத்தில் கறுப்பாகத் திரை விழுந்தாற்போல் தெரிந்திருக்கிறது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து வேலையை நிறுத்தித் துடைத்தார். போகவில்லை. எழுந்து போய் வெளிப்பக்கமும் துடைத்தார். கீழே இருந்து கைகாட்டி வழி சொல்லும் சிக்னல்காரர் ரேடியோவில், "என்னண்ணே, இன்னிக்கு கிரேனுக்குக் கல்யாணமா, இந்தத் தொடை தொடைக்கறீங்க?" என்று கேட்டாராம். மூன்றாம் முறை துடைத்த பிறகுதான், தலையைத் திருப்பினால் அழுக்கும் கூடவே திரும்புவதை இவர் கவனித்தார். கிரேனில் தூக்கியிருந்த பெட்டியைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லி சிக்னல்காரர் இன்றைக்கும் மாய்ந்துபோவார்.

வலது கண்ணின் விழித்திரை பிரிந்துவிட்டது என்றார் கண் டாக்டர். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வருகிற அம்மா அவர். அன்றைக்கே ஆபரேஷன். பிரிந்ததை ஒட்டவைத்து, அது நகராமல் அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். குமிழி மேலே எழும்பிக் கண்ணின் பின்சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் ஆள் குப்புறக் கிடக்க வேண்டும்.

"பத்து நாள்," என்றார் டாக்டர். "மணிக்குப் பத்து நிமிஷம் எந்திரிக்கலாம். அதுவும் தலையைக் குனிஞ்சபடியே. ஒட்டினது ஒரு தடவை விட்டுப்போச்சுன்னா மறுபடி ஒட்டறது கஷ்டம்."

"டாக்டர், கிரேன்...?" என்று இவர் ஆரம்பித்தார்.

"அந்த உயரத்துலேர்ந்து தூரம் கணிக்க ரெண்டு கண்ணும் ஒழுங்கா வேணும். சின்ன எழுத்துவரைக்கும் தெரியணும். அதெல்லாம் பத்து நாள் படுத்த பிறகு பேசலாம். முதல்ல படுங்க. இடது கண்ணுக்கும் வேலை குடுக்காதீங்க. அது ஓடினா இதுவும் கூடவே ஓடும். டிவி, போன், புஸ்தகம் ஒண்ணும் கிடையாது."

வேலை போனால் போகட்டும், கீழே கிடங்கில் ஏதாவது கொடுப்பார்கள் என்று மகளிடம் போனில் தைரியமாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டு இந்த மனிதரைக் கிடங்கில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. உயரத்தில் இருந்து இறங்கி வரும்போது அவர் முகத்தில் ஒரு களை இருக்கும். அதைப் பார்த்துத்தான் இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன்.

நான் தண்ணீர் வாரியத்தில் புகார் கேட்கும் பிரிவில் இருக்கிறேன். பத்து நாள் லீவு போட்டேன். கட்டிலின் ஓரத்தில் முகம் வைக்க ஒரு வளைய மெத்தை, கைகளைத் தொங்கவிட இரண்டு பக்கமும் ஸ்டூல், குடிப்பதற்கு வளையும் ஸ்ட்ரா. முதல் நாள் சமாளித்தார். இரண்டாம் நாள் தரை டைல்ஸில் எத்தனை புள்ளி என்று எண்ணிச் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால், மனிதர் சமையலறையில் தலையை நிமிர்த்தி, மேல் தட்டில் டம்ளர் தேடிக்கொண்டிருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்துக் கட்டையோடு இறங்கி வந்துவிட்டார்.

"சும்மா கெடக்க முடியலம்மா," என்றார் இவர், திரும்பப் படுத்துக்கொண்டு. குரல் தரையில் இருந்து வந்தது. "பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு."

அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்க போரை நான் ஆடறேன். நீங்க படுத்தபடியே உத்தரவு போடுங்க."

"நீயா?"

"ஏன், பட்டன் அழுத்தறதுக்குப் பட்டம் வாங்கிட்டு வரணுமா?"

காலையில் ஒரு நாள், சாயங்காலம் ஒரு நாள் என்று போர் நடந்தது. இவர் தரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் திரையில் செய்தேன். வாயில் நுழையாத தீவுகளுக்கு நானே பெயர் வைத்தேன். ஒன்று சீப்புத் தீவு, ஒன்று அறுந்த செருப்பு. "செருப்புக்குத் தெக்கால ரெண்டு கப்பல் நிக்குதுங்க," என்பேன். "அப்ப நாளைக்கு மிட்வேக்கு வர்றார்," என்பார். வரும். சம்பந்தி என்ன செய்வார் என்பதை முகத்தைக் கூடப் பார்க்காமல் சொன்னார். மனிதர் அசையாமல் கிடந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் வாத்தியார் புத்தி வந்துவிட்டது. தப்பான கட்டத்தைத் தொட்டால் திட்டு. நான் ஏதாவது யோசனை சொன்னால், "நீ யோசிக்காதே, சொல்றத மட்டும் அழுத்து." தெற்கே வரிசையாக ஏழு எண்ணெய்க் கப்பல் காவலே இல்லாமல் போவதைப் பார்த்து, "இதைத் தட்டிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"காகிதத்துல முதல் வரியப் படி."

"படிச்சேன். ஏன் தொடக் கூடாது?"

"சொன்னா உனக்குப் புரியாது."

இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எனக்கு மருந்து கிடைக்கவில்லை. அன்றைக்கு ஐந்தாம் நாள். காலையில்தான் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தோம். விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது," என்று ஒரே வரியில் அனுப்பியிருந்தார். இவர் வண்டியில் வழியெல்லாம் குனிந்தபடியே வந்தார். மத்தியானம் இவர் தூங்கிவிட்டார். நான் திரையின் முன்னால் உட்கார்ந்தேன். டாக்டர் மேல் கோபம், கண் மேல் கோபம், இந்த மனிதர் மேல் கோபம். சம்பந்தியின் ஏழு எண்ணெய்க் கப்பலும் ஊர்வலம் போவது போல் போய்க்கொண்டிருந்தது. இவருடைய நீர்மூழ்கிகள் எல்லாவற்றையும் அங்கே திருப்பிவிட்டேன். பட்டனை அழுத்தினேன். ஏழும் போயிற்று. அப்பாடா என்று இருந்தது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் அடுத்த நாளை நகர்த்தினேன். எதிரி நகர்வு இல்லை என்று ஒரு வரி வந்தது. மறுநாள் காலை நகர்த்தினேன். அதே வரி. சம்பந்தியின் கப்பல் மொத்தமும் ஒரே துறைமுகத்தில் கட்டிப்போட்டாற்போல் நின்றது. முதல் விதி எதற்கு என்று எனக்கு மெல்லப் புரிந்தது. எண்ணெய் வந்ததும் கிளம்பு என்று அதன் மண்டையில் எழுதியிருக்கிறது. வராது என்றால் என்ன செய்வது என்று எழுதவில்லை. ஆகவே அது காத்திருக்கிறது. எங்கள் ஆபீசில் எனக்குக் கொடுத்திருக்கும் பதில் தாளும் அப்படித்தான். அதில் இல்லாத கேள்வியை யாராவது கேட்டால், "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு நானும் இதே மாதிரி நிற்பேன். திருப்பி எடுக்கப் பழைய நாளும் இல்லை. அதை அழிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான், நானும் ஒழுங்காக அழித்திருந்தேன்.

"என்னம்மா, சம்பந்தி என்ன பண்றார்?" என்று கேட்டது தரை.

போர் செத்துவிட்டது என்று சொன்னால் இந்த ஆள் எழுந்துவிடுவார். இன்னும் ஐந்து நாள் இருந்தது. "மிட்வேக்கு நாலு கப்பல் அனுப்பறார்ங்க," என்றேன்.

சொல்லிவிட்டேன், இனி அனுப்பியாக வேண்டும். பழைய காலண்டர் தாள் ஒன்றின் முதுகில் கடலும் தீவும் வரைந்தேன். தையல் டப்பாவில் இருந்த பொத்தான்களைக் கொட்டினேன். வெள்ளைப் பொத்தான் அவருடையது, நீலப் பொத்தான் சம்பந்தியுடையது. பெரிய கோட்டுப் பொத்தான்கள் விமானக் கப்பல்கள். அவர் சொல்லும் உத்தரவைத் தாளில் நகர்த்துவேன், சம்பந்திக்காக நான் யோசித்து நகர்த்துவேன், யார் மூழ்கியது என்று நானே தீர்ப்பும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும், ஒருவேளை இன்றைக்காவது முழித்துக்கொண்டிருக்காதா என்று திரையிலும் பட்டனை அழுத்திப் பார்ப்பேன். எதிரி நகர்வு இல்லை.

முதலில் சம்பந்தி மாதிரியே ஆடினேன். வருத்தப்படாமல் நாலு நாலாக அனுப்பி மூழ்கடித்தேன். ஆனால் என் நீலப் பொத்தான்களை இவர் படுத்துக்கொண்டே வரிசையாகக் காலி செய்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஏழாம் நாள் இரண்டு பொத்தானை மிட்வேக்குப் போவது போல் காட்டிவிட்டு, மீதியைச் சீப்புத் தீவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அவருடைய பெரிய வெள்ளைப் பொத்தான் ஒன்றை முடித்தேன். "உங்க விமானக் கப்பல் ஒண்ணு போச்சுங்க," என்று முடிந்த அளவு துக்கமாகச் சொன்னேன்.

"சம்பந்தி இன்னிக்கு ரொம்பப் புத்திசாலியா இருக்காரே," என்றார்.

"அப்டேட் ஏதாவது வந்திருக்கும்."

"இருக்கும், இருக்கும்."

அன்று சாயங்காலம் கண்ணில் வலி என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மாத்திரை கொடுத்துவிட்டு, சம்பந்தி இந்தத் தடவை வரவில்லை என்றேன். ஒன்பதாம் நாளும் அப்படித்தான் வலித்தது, அன்றும் சம்பந்தி ஓய்வெடுத்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு யாரால் குண்டு போட முடியும்?

எட்டாம் நாள் சிக்னல்காரர் பார்க்க வந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் காலண்டர் தாளும் பொத்தானுமாக நான் உட்கார்ந்திருப்பதையும், அந்தப் பக்கம் திரை சும்மா நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். கிரேனை நிறுத்தச் சொல்வதற்குக் காட்டும் கைச்சாடையை அப்படியே காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார், கெட்டிக்காரர். போகும்போது வாசலில், "அண்ணி, செருப்புத் தீவுக்குப் பக்கத்துல ஒண்ணு தனியா நிக்குது, விட்டுறாதீங்க," என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்த அவசரத்தில் என் முழங்கை இடித்துப் பொத்தான்கள் சிதறின. எல்லாவற்றையும் பொறுக்கினேன். பெரிய நீலம் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பீரோவுக்கு அடியில்கூடத் துடைப்பம் விட்டுத் துழாவினேன். கடைசியில் ஒரு பேனா மூடியை வைத்து ஒப்பேற்றினேன்.

பத்து நாள் முடிந்தது. தலை நிமிர்ந்தது. ஆனால் குமிழி கரைய இன்னும் நாளாகும், அதுவரை திரை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான் பிழைத்தேன். "உங்க போரை நிறுத்தி வச்சிருக்கேன், நீங்க வந்து பாத்துக்குங்க," என்றேன். அவர் சரி என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. வலது கண்ணில், பாதி பாட்டிலில் தண்ணீர் ஆடுவது போல ஒரு கோடு ஆடுகிறது என்பார். கோட்டுக்கு மேலே கலங்கலாக வெளிச்சம். நாளுக்கு நாள் கோடு கீழே இறங்கியது. "இன்னிக்கு எங்க இருக்கு?" என்று காலையில் எழுந்ததும் கேட்பேன். மூக்கு, வாய், தாடை என்று தன் முகத்திலேயே தொட்டுக் காட்டுவார். கோடு போன பிறகு அங்கே என்ன இருக்கும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான்காம் வாரம் கோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையை நாலு வரி படித்தார், ஐந்தாவதில் தடுமாறினார். டாக்டர் எழுதிக்கொண்டார். "சின்ன எழுத்து இன்னும் பிடிபடல. போகப்போக வரலாம், வராமலும் போகலாம். வீட்ல பத்து நிமிஷம் திரை பாருங்க. அடுத்த வாரம் கிரேனுக்கு எழுதித் தரலாமா வேணாமான்னு பார்ப்போம்."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். எனக்கு இரண்டு பயம். எழுத்து தெரியவில்லை என்றால் ஒன்று, தெரிந்துவிட்டால் இன்னொன்று.

போரைத் திறந்தார். இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். திரையின் அடியில் ஒவ்வொரு நாளும் நடந்ததைப் பொடி எழுத்தில் வரிசையாகக் காட்டும் பட்டை ஒன்று உண்டு. மூக்குக்கண்ணாடி போட்டும் நான் சிரமப்பட்டுப் படிப்பேன். அதில் மேலே போனார். முகத்தை முன்னால் கொண்டுபோனார், பின்னால் இழுத்தார். பிறகு மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி படித்தார்.

"எண்ணெய்க் கப்பல்... ஏழு... மூழ்கின."

நான் கதவைவிட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்தேன்.

"எதிரி நகர்வு இல்லை." அடுத்த வரிக்குப் போனார். "எதிரி நகர்வு இல்லை." அடுத்தது. "எதிரி நகர்வு இல்லை." கொஞ்சம் வேகம் கூடியது. பத்து வரியையும் ஒன்றுகூட விடாமல் படித்தார், ஓரத்தில் இருந்த தேதியோடு. ஒவ்வொரு வரியும் என் பொய்யைத்தான் உடைத்தது. எனக்கோ ஒவ்வொரு வரிக்கும் உயிர் வந்தது. அந்தப் பொடி எழுத்து, அந்தக் கண்ணுக்குத் தெரிந்தது. பத்தாவது வரிக்குள் நான் அழுதுவிட்டேன்.

"தெரியுதா?" என்றேன்.

"தெரியுது," என்றார். கையை எடுக்கவே இல்லை. இன்னொரு தடவை முதலில் இருந்து படித்தார்.

"நான் உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தேன்.

மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பெரிய நீலப் பொத்தான்.

"உருண்டு நேரா என் மூக்குக்குக் கீழ வந்து நின்னுச்சு," என்றார். "பீரோவுக்கு அடியிலயே துழாவிட்டிருந்தே. அதுக்கு முன்னாடியே தெரியும்னு வச்சுக்கோ. சம்பந்தி யோசிக்க மூணு செகண்டு. நீ கால் மணி நேரம் எடுத்துக்கிட்டே. அவர் கப்பல் மூழ்கினா அவருக்கு ஒண்ணுமில்ல. உனக்குக் குரல் இறங்கிரும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நல்லா இருந்துச்சு. பதினாறு வருஷத்துல என் கப்பலை ஒளிஞ்சிருந்து அடிச்சது யாரு? அடுத்து என்ன பண்ணுவேன்னு யோசிச்சிட்டே கெடந்தேன், நேரம் போனதே தெரியல." கண்ணில் இருந்து கையை எடுத்தார். என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குக் கண்ணு வலிச்சப்பல்லாம் எதிரி வரல. ரெண்டு தடவையும் வரல. கம்ப்யூட்டருக்கு அது எப்பிடித் தெரியும்?"

"உங்கள் புகார் பதிவாகிவிட்டது," என்றேன். எங்கள் ஆபீஸ் தாளில் இருப்பது அவ்வளவுதான்.

மறுவாரம் எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரிவரை படித்தார். டாக்டர் சிரித்தார் என்று மகளிடம் சொன்னால் நம்பவில்லை. மூன்று மாதம் கழித்துக் கூண்டுக்கு ஏறினார். சிக்னல்காரர் அன்றைக்கு ரேடியோவில் என்ன சொன்னார் என்று இருவருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மூன்றாவது போரை அப்படியே முடித்துக்கொண்டோம், வெற்றியா தோல்வியா என்று இரண்டு பேருக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. நான்காவதில் ஜப்பான் பக்கம் நான். காகிதத்தைக் கிழித்துப் போட்டாயிற்று. விட்டுக்கொடுக்க வேண்டிய எதிரி இல்லையாம் நான். நான் ஆபீசில் இருந்து வந்ததும் அவர் தன் உத்தரவுகளைப் போட்டுவிட்டு, "சம்பந்தியம்மா, வாங்க," என்று நாற்காலியைவிட்டு எழுந்துகொள்வார். போன வாரம் அவருடைய எண்ணெய்க் கப்பல் மூன்றை மூழ்கடித்தேன். கண் வலி ஒன்றும் இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான்.